மூன்றாவது இறக்கம்

சாவி கொடுத்தால் அரை நிமிடம் ஓடும் கேமரா.
எந்தத் துயரமும் எங்களிடம்
அதற்குமேல் நீண்டதில்லை.

நாற்பத்தேழு, ஆகஸ்டு.
தெலுக் ஆயர் துறையில் நீர் வற்றிக் கிடந்தது.
முக்காலியைச் சேற்றில் ஊன்றி
அது அமிழாமல் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
செலிகி ரோட்டு ஸ்டூடியோவில்
கல்யாண ஜோடிகளின் தாடையை நிமிர்த்திப் பழகிய கை.
ஹம்டான் வாரக்கூலிக்கு என்னை எடுத்திருந்தார்.

தொங்காங் நிறையப் புகையூட்டிய ரப்பர் ஷீட்டு,
அதன்மேல் ஆட்கள்.
பெங்காலிஸிலிருந்து இரண்டு இரவு,
டச்சு ரோந்துப் படகின் விளக்குக்குப் பதுங்கிப் பதுங்கி.
சுங்கத்துக்காரன் ரப்பரை எண்ணினான்.
ஆட்களை எண்ண
எங்களைத் தவிர யாரும் வரவில்லை.

முதல் தடவை
பலகையில் கால் வைத்து அவள் இறங்கினாள்,
இடுப்பில் பையன், கையில் மூடி தொலைந்த பானை.
நேரே என்னிடம் வந்து
"பெராஸ் செகாத்தி பெராப்பா?" என்றாள்.
அரிசி காத்தி என்ன விலையாம்.
சொன்னேன். உதட்டைப் பிதுக்கினாள்.
விலை அதிகம்தான், எனக்குத் தெரியாதா.
எங்கள் கேமராவுக்குக் காது கிடையாது.
அந்நேரம் பார்த்து மேகம் வேறு,
மீட்டர் முள் படுத்துவிட்டது.

இரண்டாம் தடவை சிரித்துக்கொண்டே ஏறி இறங்கினாள்.
மூட்டை தூக்குகிறவன் ஒருத்தன் குறுக்கே புகுந்து
லென்ஸைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

ஹம்டான் கண்ணை எடுக்காமலே ஒரு விரல் தூக்கினார்.
ஸெகாலி லாகி.
அவருடைய அம்மாவும் அக்கரையில்தான் இருந்தாள்,
கடிதம் வந்து ஆறு மாதம்.
நான் போய்ச் சொன்னேன்: இன்னொருதரம் ஏறு.

அவள் ஏறினாள். நான் முக்காலிக்குத் திரும்பினேன்.
அடுத்த படகுக்கு இடம் விட
தண்டல் கயிற்றை அவிழ்த்தான்.
யாரும் அவளிடம் சொல்லவில்லை.

பானை முதலில் விழுந்தது.
பிறகு பையனின் அலறல்.
திருப்பி அனுப்புகிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.
பையனை இரண்டு கையாலும் தூக்கி
கரையைப் பார்த்து, என்னைப் பார்த்து நீட்டினாள்,
இவனையாவது வைத்துக்கொள் என்று.

முக்காலியை விட்டால் படம் ஆடும்.
நான் விடவில்லை.

சாவி தீர்ந்தது.
அன்றைக்கு அப்படியொரு வெளிச்சம்.

கேலாங் கொட்டகையில் வெள்ளைத்துணி கட்டி
நான்கு இரவு காட்டினோம்.
ஹம்டான் துணிக்குப் பக்கத்தில் நின்று வாசித்தார்:
குண்டுக்குத் தப்பி வந்த ஒரு தாய், இதோ.
அதில் பொய் எதுவும் இல்லை.
அழுகைக்கு மட்டும் காரணம் வேறு.
கப்பல்பட்டறை ஆட்கள்
சம்பள உறையைப் பிரிக்காமலே டின்னில் போட்டார்கள்.
குயினைனும் பஞ்சும் வாங்கி
அதே தொங்காங்கில் ஏற்றினோம்.
எத்தனை பேர் பிழைத்தார்களோ. பிழைத்திருப்பார்கள்.

மேகம் விழுந்த துண்டை ஹம்டான் கழித்துப் போட்டார்.
பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன்.
விளக்குக்கு நேரே பிடித்தால்
இருட்டு, இருட்டுக்குள் பானையின் விளிம்பு,
ஒரு வாய் திறந்து மூடுகிறது.
விலை கேட்கிறாள் என்று
நான் சொன்னால்தான் உண்டு.

மறுவருஷம் கேலாங் சிராய் சந்தையில் அவளைப் பார்த்தேன்.
சாக்கு விரித்து வெங்காயம் விற்றாள்.
அடையாளம் தெரிந்ததா, தெரியவில்லை.
பையன் மட்டும்
என் தோளில் ஏதாவது தொங்குகிறதா என்று
எட்டி எட்டிப் பார்த்தான்.
பெராப்பா என்றேன்.
சொன்னாள். பேரம் பேசாமல் ஒரு காத்தி வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்தேன்.
ஒன்றரைத் தாயில் குறைவு.